தொண்ணூற்றொன்பது

பழைய மணிக்கூட்டுப் பட்டறையின் மூன்றாம் மாடி.
பீல் நகரத்து மூடுபனி
யன்னலில் நெற்றி வைத்துப் பார்க்கிறது.
நான் பெட்டியை உடைக்கிறேன்.
ஆயிரத்து இருநூறு தாள்கள்,
பாதி ஜெர்மன், பாதி பிரெஞ்சு.
பதின்மூன்று வயதும் பதினைந்து வயதும்
பெயரைக் கழற்றிவைத்துவிட்டு வந்து
என் மேசையில் அடுக்காய்க் கிடக்கின்றன.

கேள்வி இருபத்திரண்டு:
கடந்த ஆறு மாதத்தில்
தலையிடி எத்தனை தரம்?
வயிற்றுக்குத்து?
நித்திரை வராமல் கிடந்தது?
ஒருபோதும் இல்லையென்றால் ஒன்று.
ஒவ்வொரு நாளுமென்றால் ஐந்து.
தட்டு, தட்டு, அடுத்த தாள்.

கட்டத்துக்கு வெளியே எழுதினது சேராது.
ஆகவே சேராதவை:
மீசை முறுக்கிய ஒரு பூனை.
'இதை உண்மையா யாரும் வாசிப்பீங்களா?'
காலைச் சாப்பாட்டுக் கேள்வியில் ஒட்டியிருந்த
சூயிங்கம் உறை.
நனைந்து காய்ந்து நெளிந்த ஒரு மூலை,
தண்ணீரோ என்னவோ.

பதினொன்றரைக்கு அது வந்தது.
நித்திரை வரிசையில்
முதல் கட்டத்திலும் புள்ளடி,
கடைசிக் கட்டத்திலும் புள்ளடி.
ஒருபோதும் இல்லை. ஒவ்வொரு நாளும்.
ஒரே பேனா, ஒரே அழுத்தம்;
தாளின் முதுகில் இரண்டும்
விரலுக்குத் தட்டுப்பட்டன.

ரெகுலா எட்டிப் பார்த்தாள்.
"செல்லாத பதில். தொண்ணூற்றொன்பது போடு."
போட்டேன்.
போட்ட பிறகும்
அதன்மேல் அடுத்த தாளை வைக்கக்
கை கொஞ்சம் பிந்தியது.

பின்னேரம். பஸ். ஒரு கிலோ மந்தரின் தோடம்பழம்.
மகளின் அறைக்கதவு
வழமைபோல முக்கால்வாசி சாத்தியபடி.
"லக்சிகா, ராத்திரி நித்திரை கொண்டனியே?"
"ம்."

அந்த ஓரெழுத்துக்குள்
முதல் கட்டமும் உண்டு, கடைசிக் கட்டமும் உண்டு.
ஓம் என்பதும் அதுதான்.
போ என்பதும் அதுதான்.
போகாதே என்பதும் அதுவாக இருக்கலாம்,
நான் நின்று கேட்டதில்லை.
எனக்கு வசதியான எண்ணைப் போட்டுக்கொண்டு
சோறு வடிக்கப் போயிருக்கிறேன்.

இன்றைக்குப் போகவில்லை.
சப்பாத்தும் கழற்றாமல்
கதவடியில் நிலத்தில் குந்தி
தோடம்பழம் உரித்தேன்.
உள்ளே
திரையின் நீல வெளிச்சம் அணைந்தது.
கனநேரம் ஒன்றுமில்லை.
பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

பிறகு இடுக்கால் ஒரு கை வந்து
உள்ளங்கையை விரித்தது.
மூன்று சுளை வைத்தேன்.

"விதை இருக்கு."
"துப்பு."
"எங்க?"

என் கையை நீட்டினேன்.