பூண்டு ஆலைக்குப் பக்கத்து அறை

எங்கள் இரத்தக்காட்டேரி பிறந்தது
ஊபி தொழிற்பேட்டையில், நான்காம் தளத்தில்,
இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை
அரை வாடகைக்குக் கிடைத்த அறையில்.
பக்கத்து அறையில் பூண்டு உரிக்கிறார்கள்.
சம்பாலுக்காம். மூட்டை மூட்டையாய்.
ரிட்சுவான் கிட்டாரை இறக்கிவைத்துச் சிரித்தான்:
"தொடங்கும் முன்னமே செத்தோம்."

பூன் லெங் டிரம்ஸ்.
பகலில் வீடு வீடாகப் போய்
பூந்தொட்டித் தட்டுகளில் கொசுப்புழு தேடுபவன்.
இந்தத் தீவின் நிஜக் காட்டேரிகளை
எங்களில் அவனுக்குத்தான் தெரியும்,
காலில் வெள்ளை வரியோடு.
குரல் நான்.

வடக்கே பனிக்காடுகளில்
மாதக்கணக்கில் இருட்டாம். கொடுத்துவைத்தவர்கள்.
எங்களுக்கு ஆண்டு முழுக்க
ஏழு மணிக்கு விடியும், ஏழு மணிக்கு இருட்டும்,
ஒரு நிமிடம் கூடுதல் கேட்டால் கிடைக்காது.
பதினெட்டில் வைத்த ஏர்கான்தான் எங்கள் மார்கழி.
அதுவும் மூன்றாம் பாட்டில் நின்றுபோனது.
முகத்தில் அப்பிய குட்டிக்கூரா பவுடரும் கண்மையும்
வழிந்து காலர் வரை வந்தபோது
நான் பிணம்போல இல்லை,
கல்யாண வீட்டில் சண்டை போட்டு
அழுதுவிட்டு வந்தவள்போல இருந்தேன்.

நாலு தடம் பதியும் கேசட் இயந்திரம்,
சுங்கை ரோடு சந்தை மூடிய கடைசி வாரம் வாங்கியது.
அதற்கு நாசூக்கு தெரியாது.
பாஸை விழுங்கும்.
சிம்பல் எல்லாம் எண்ணெயில் விழுந்த கடுகு.
என் அலறலுக்கு அடியில் ஓயாத ஓர் இரைச்சல்:
மழையா நாடாவா என்று இன்றும் எங்களுக்குள் தகராறு.
கீழே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் பீப் பீப்
இரண்டாம் பாட்டில், நாலாவது நிமிடத்தில் இருக்கிறது.
வெட்டவில்லை.
வெட்டத் தெரியவும் இல்லை.

ஐந்தாம் பாட்டின் நடுவில் கதவு தட்டுகிறது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.
திறந்தேன்.
தலையில் வலைத்தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ்,
கையில் சின்னக் கத்தி.
என் முகத்தைப் பார்த்து அவர்தான் பயந்திருக்கவேண்டும்.
"சாரி அண்ணே, குறைச்சுக்கிறோம்."

"குறைக்காதீங்க. கொஞ்சம் கூட்டுங்க.
மூணு மணிக்கு மேல கண்ணு சொருகுது,
கையை வெட்டிக்கிறேன்."

கட்டைவிரலில் பிளாஸ்டர். அதன் ஓரம் சிவப்பு.
காட்டேரிகள் மூவரும் அதையே பார்த்தோம்.

போகத் திரும்பியவர் நின்றார்.
"நடுவுல 'தாகம்'னு கத்துனது நீங்கதானே?"

ஐந்து வருடம். எத்தனை மேடை.
மலாய் என்றார்கள், லத்தீனா என்றார்கள்,
பூன் லெங் ஒருமுறை ஏப்பம் என்றான்.
"ஆமா" என்றேன்.
"நினைச்சேன்" என்றார்.
பூட்ஸ் சத்தம் பூண்டுக்குள் போயிற்று.

அறுபத்தாறு கேசட்டுகள்.
அட்டையில் வாழைமரம், ஜெராக்ஸ் கறுப்பில்;
ரிட்சுவானின் புளோக்குக்குப் பின்னால்
பொந்தியானாக் நிற்பதாக அவன் சத்தியம் செய்கிற மரம்.
நன்றி என்ற இடத்தில் ஒரே பெயர்: தவசீலன்.
அவரிடம் கேசட் ஓட்ட எதுவுமில்லை.
"அதான் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து
முழுசா கேட்டுட்டேனே" என்று வாங்கி
லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

காலை எட்டரை.
அங் மோ கியோ பலதுறை மருந்தகம்,
ரத்தம் எடுக்கும் மூன்றாம் மேசை.
தொண்டையில் குரலில்லை, காற்றுதான் வருகிறது.
அதில் சொல்கிறேன்:
"விரல மடக்குங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான்."
குழாயில் ஏறுகிறது, அடர்த்தியாய், வெதுவெதுப்பாய்.
டாக்சி ஓட்டுநர் மூக்கைச் சுளிக்கிறார்.
"என்ன மிஸ்ஸி, பூண்டு வாசம்?"

பஞ்சை வைக்கிறேன்.
"அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க."