கிழக்குப் பாரம்

முதல் மாதம் நாற்பது நொடிதான்.
அதற்குமேல் திறந்து வைத்தால்
ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசியாய் நீளும்,
ஒரு நிமிடத்தில் சீரகம்,
ஒன்றரையில் ஆணி.

இந்தப் பாதி உலகத்துக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது.
தெற்கே, கொட்டகைக் கூரைக்கு மேலே,
வெறும் இருட்டைச் சுற்றித்தான் எல்லாம் போகிறது.
அந்த ஒன்றுமில்லாததற்கு நேராக
இரும்பு அச்சை நிறுத்த வேண்டும்.

மெந்தோசாவில் ஒரு பல் மருத்துவர்
பழையதாய் விற்ற தாங்கி இது.
கூடவே பாதி டப்பா கிரீஸும் ஒரு சீட்டும்:
'காற்றடிக்கும் நாளில் முயலாதீர்கள்.'
ஆண்டிஸ் அடிவாரத்தில் காற்றடிக்காத நாள் எது என்று
அவர் எழுதவில்லை.

பணிமனையில் நான் பஸ் கியர்பாக்ஸ் பிரிக்கிறவள்.
வென்செஸ்லாவோ இரும்பில் காது வைத்து
'மூன்றாவதுக்கு இருமல்' என்பான், சரியாக இருக்கும்.
இங்கே காதுக்கு ஒன்றும் கிடைக்காது.
எட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று புழுச்சக்கரம்,
சுற்றுக்கு ஒரு விக்கல், அதே பல்லில்.
படத்தில் மட்டும் தெரியும், மறுநாள் காலை.

மூன்று வாரம் எடைக்கல்லை நகர்த்தி நகர்த்தி
குழாய் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்படி செய்தேன்.
படம் இன்னும் மோசம்.
சரிசமமாய் இருந்தால்
பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கில்
எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் தள்ளாடுகிறது சக்கரம்.
காலி பஸ்தானே இறக்கத்தில் பல்லை நறநறக்கும்!
எனக்கே தெரிந்த விஷயம், தோன்ற இத்தனை நாள்.
கிழக்கே ஒரு விரற்கடை பாரம் ஏற்றினேன்.
இப்போது அது ராத்திரி முழுக்க மேடேறுகிறது,
சந்தை நாள் பஸ் மாதிரி,
புகார் இல்லாமல்.

இரண்டு நிமிடம். நான்கு.
தோளில் ஒரு குட்டி கேமராவும் கட்டினேன்.
அது ஒரே நட்சத்திரத்தை முறைத்துக்கொண்டிருக்கும்,
நகர்ந்தால் மோட்டாரைக் கிள்ளும்.

ஆகஸ்ட் கடைசி. பத்து நிமிடம்.
சிற்பி மண்டலத்தில் அந்தச் சாய்ந்த தட்டு.
ஒன்பதாம் நிமிடம் வரை திரையில் கோடு
இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.
பிறகு துள்ளியது.
காற்றில்லை. நாய் உள்ளே.
நான் மூச்சுகூட விடவில்லை.
அப்புறம்தான் முழங்காலுக்கு வந்தது,
கொட்டகையில் ஸ்பேனர்கள் ஆணியில் கிணுகிணுத்தன.
வீட்டுக்குள்ளிருந்து எல்பா:
'நீல்டா, உணர்ந்தாயா?'
எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு
ஒரே ஒரு பொருள்தான்.

பிரகாசமான பதினொரு நட்சத்திரத்துக்கு
மெல்லிய ஒரு வால்.
பதினொன்றும் ஒரே கிறுக்கல்,
ஒருவரே கையெழுத்துப் போட்டதுபோல.
நடுவில் அந்தத் தட்டு மட்டும்
அசைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
அழிக்கும் பொத்தான்வரை போன விரல்
குளிர்கிறதென்று பைக்குள் போய்விட்டது.

அச்சை மறுபடி பார்த்தேன்.
ஒரு நூல் விலகியிருந்தது.
மலையா, முதலிலேயே நானா,
யாரைக் கேட்பது.
திருகை அரைச் சுற்று.
திறந்தேன்.
பத்து நிமிடம்.