பிழையான விடை

மார்ச் முப்பத்தொன்றோடு பழைய சோதனை நிற்கிறதாம்.
புதிய பதிப்பில் ஐந்து பாடம் கூட,
இரண்டு பாடம் இல்லை.
இரவு பதினொன்றரைக்கு யசோதினி அனுப்பியிருந்தாள்.
நான் படித்து முடித்தவை
அந்த இரண்டும்தான்.

சிரித்தேன். வேறென்ன செய்ய.
பரந்தனில் இந்த வாடகை அறையில்
புத்தகம் என்று இருப்பது
வவுனியாவில் அரைவிலைக்கு வாங்கிய
எண்ணூறு பக்கப் போட்டோப் பிரதி.
பதினேழாம் அத்தியாயம் கழன்றுபோனது.
அதில் என்ன இருந்திருக்குமென்று
காணொளிகளில் தேடுகிறேன்.
ஐதராபாத்திலிருந்து ஒருவர் சொல்லித்தருகிறார்.
மழை பெய்தால் முதலில் அவர் வாய் அசையும்,
சத்தம் பிறகு வரும்.

விடிய நாலரைக்கு வாகனம்.
ஆனையிறவு தாண்டிப் போய்
பகல் முழுக்க முழங்காலில் நிற்கிறவள் நான்.
ஒன்பது வருடம்.
ஒரு மீற்றர் அகலம், சிவப்புத் தடி,
கருவி கத்தினால் நிறுத்திவிட்டு
பக்கவாட்டில் இருந்து மண்ணை வழித்தல்.
பெரும்பாலும் ஆணி. மீன்ரின் மூடி.
பெரும்பாலும்.

ஏப்ரலோடு நிதி முடிகிறது.
அதுவும் ஒரு செய்திதான்.
அதை யாரும் நள்ளிரவில் அனுப்பவில்லை,
அறிவித்தல் பலகையில் ஒரு தாள்,
மூலையில் ஒரே ஒரு குண்டூசி.

சப்நெற் எனக்குச் சட்டென்று பிடிபட்டது
இந்த வேலையால்தான் என்று நினைக்கிறேன்.
சனிக்கிழமை வகுப்பில் எல்லாரும் தலையில் கைவைத்திருக்க
நெல் விற்ற பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
இருநூற்று ஐம்பத்தாறை வெட்டிக்கொண்டு போனேன்:
நூற்றிருபத்தெட்டு, அறுபத்துநாலு, முப்பத்திரண்டு.
ஒவ்வொரு துண்டிலும்
முதல் விலாசமும் கடைசி விலாசமும்
ஒருவருக்கும் கொடுக்கப்படாது என்றார் சேர்.
ஏனென்று பக்கத்திலிருந்தவன் கேட்டான்.
நான் கேட்கவில்லை.
கண்டாவளையில் எங்கள் காணியின் இரண்டு கரையும்
இன்னும் நாடாவுக்குப் பின்னால்தான்.

சோதனைக் கட்டணம் டொலரில்.
காலையில் டொலர் விலை பார்க்கிறவள்
எங்கள் அணியில் நான் ஒருத்தி.
கடந்த கிழமை ஏறியது,
மூன்று நாள் பகல் சாப்பாட்டுக்கு.

துஷ்யந்தன் வந்தான்.
நானூறு கேள்வி, விடையோடு, மூவாயிரம் ரூபா.
"அப்படியே வரும் அக்கா,
எல்லாரும் இதைத்தான் பாடமாக்கிறாங்கள்."
யார் எடுத்தது? தெரியாது.
எப்போது எடுத்தது? தெரியாது.

எங்களுக்கும் அப்படி வரைபடங்கள் வந்ததுண்டு.
யாரோ எப்போதோ கையால் கீறியது,
இங்கே பதினாறு, அங்கே நாற்பது, பனைக்கு வடக்கே ஒன்றுமில்லை.
பனைக்கு வடக்கே கைவைத்த கெங்காதேவி
இப்போது இடக்கையால் கையெழுத்திடுகிறாள்.

வேண்டாம் என்றேன்.
மூவாயிரம் இருக்கவும் இல்லை,
அதையும் சொல்ல வேணும்.

கரண்ட் இல்லாத ஒரு ஞாயிறு
லப்டொப்பில் மீதியிருந்த ஒரு மணிநேரத்தில்
முதன்முதலாகப் பயிற்சிச் சோதனை செய்தேன்.
நாலாவது கேள்வி.
இரண்டு விடையும் சரி போலவே கிடந்தன.
ஒன்றை அழுத்தினேன். பிழை.
மூச்சு நின்றது எனக்கு.
உடம்பு தானாகப் பின்னுக்குப் போனது.

திரை சிவந்தது. அவ்வளவுதான்.
சிவப்புக்குக் கீழே
ஏன் பிழை என்று மூன்று வரி,
மரியாதையாக எழுதியிருந்தது.
அதற்கும் கீழே ஒரு பொத்தான்: மீண்டும் முயல்க.

அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதைப் போல ஒன்றை
வேலை செய்த எந்த நிலத்திலும் கண்டதில்லை.

அன்று அறுபத்துமூன்று பிழை.
கடைசிச் சிலது வேண்டுமென்றே விட்டவை.
பற்றரி செத்த பிறகு, இருட்டுக்குள்
விரல்களை எண்ணினேன்.
பத்து.

இருபத்தொன்பதாம் திகதி இடம் கிடைத்திருக்கிறது.
கொழும்பு, காலை எட்டரை, பழைய பதிப்பு.
இரவு பஸ்ஸில் போகலாம்.
இரண்டு அடையாள அட்டை கொண்டுவரச் சொல்கிறார்கள்.
தேசிய அட்டை ஒன்று.
மற்றது வேலைத்தளத்தில் தந்தது,
படத்துக்குக் கீழே கண்ணிவெடி அகற்றுநர் என்று போட்டது.
மே மாதம் அது செல்லாது.
மார்ச்சில் செல்லும்.