இரைச்சல் என நீக்கியவை

தரமணி ஆய்வகத்தில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது.
அறுபத்திரண்டு பேரின் நாடி
என் திரையில் கோடுகோடாய் நகர்கிறது.
எண்கள் மட்டும்.
பெயர்ப் பட்டியல் பூட்டிய இழுப்பறையில்.

நாற்பத்தொன்றுக்கு தினமும்
விடிகாலை மூன்று நாற்பதுக்கு இதயம் எகிறும்.
"பதற்றக் கோளாறு, எண்பத்தேழு சதவீதம்"
என்றது மாடல்.
இழுப்பறையைத் திறந்து, முகவரி பார்த்து,
வியாசர்பாடி போனேன்.
மூன்று நாற்பதுக்குத் தண்ணி லாரி வருகிறது.
ஏழு குடம், இரண்டு மாடி.
டெய்சிராணி சிரித்தாள்.
"லாரி வராத அன்னிக்குத்தான் மேடம்
வயித்துல புளியைக் கரைக்கும்.
அது தெரியுமா இந்த வாட்சுக்கு?"

தெரியவில்லை.
லாரி வராத நாட்களில்
அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.
கோடு அமைதியாக இருந்தது.
பக்கத்தில் 'முன்னேற்றம்' என்று
நானே குறித்து வைத்திருந்தேன்.

அப்புறம் அந்தப் பச்சை வெளிச்சம்.
தோலுக்குள் போய்த் திரும்ப வேண்டும்.
யாருடைய தோலில் பழகியதோ,
எங்கள் கறுப்பில் பாதி வழியில் தங்கிவிடுகிறது.
வியர்வையில் வழுக்குகிறது.
மே மாதத்தை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கிண்டி ஓட்டல் ஒன்றின் குளிர் அரங்கில்
இதையெல்லாம் பேசினேன். நல்ல கைதட்டல்.
'எந்திரத்துக்கு ஊர் தெரியாது'
எனக்கு மிகவும் பிடித்துப்போன வாக்கியம்.

அதனால்தான் பதினேழை விட்டேன்.
முனிரத்தினம், 29சி கண்டக்டர்.
மேல்கம்பியைப் பிடித்த கையில் வாட்ச்.
பள்ளத்துக்குப் பள்ளம் கோடு குதிக்கும்.
"ஒழுங்கற்ற துடிப்பு" என்றது மாடல்.
புரசைவாக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள் என்றேன்.
மறுபடியும் சொன்னது.
மயிலாப்பூரிலும்தான் தோண்டுகிறார்கள்.
மூன்றாம் முறை
நேரம்கூடப் பார்க்கவில்லை.
பதினொரு நிமிடம், இரைச்சல்.
நீக்கு.

மூன்று வாரம் கழித்து
ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி.
வலது கை வரவில்லையாம்,
பேச்சு குழறுகிறதாம்.
வாட்சை இப்பவே திருப்பித் தரணுமா,
சார்ஜரும் சேர்த்தா
என்று கேட்கத்தான் கூப்பிட்டாள்.

நீக்கியதை மீட்டெடுத்தேன்.
இரவு ஒன்று இருபது முதல்
ஒன்று முப்பத்தொன்று வரை.
அந்நேரம் எந்த பஸ்ஸும் ஓடுவதில்லை.
அடையாறு டெப்போவில்
பெஞ்சில் படுத்திருக்கிறார்.
பையைத் தலைக்கு வைத்து, சில்லறையோடு.
பள்ளம் எதுவும் இல்லை.

மாடல் தன் பங்கைச் சொல்லிவிட்டு
அடுத்தவர் நாடிக்குப் போய்விட்டது.
அதற்குக் கோபமும் இல்லை.
இருந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

என் மணிக்கட்டு அதிர்கிறது.
நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேனாம்,
எழுந்து நடக்க வேண்டுமாம்.
எழுந்தேன்.
வார்டில் போய்ப் பதினேழு என்று கேட்டால்
யாருக்கும் தெரியாது.