பத்தொன்பதாயிரத்து இருநூறு புள்ளடி

ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு
கஸ்தூரியார் வீதியில் கிருபானந்தன்
போன் திருத்துகிற கடையின் ஷட்டரை
முக்கால்வாசி இறக்கிவிடுவான்.
மிச்சக் கால்வாசிக்குள்ளால் குனிந்து நுழைவோம்:
நான், பசீனா, குருநகரிலிருந்து சைக்கிளில் மெரில்டா.
கடைசியாக, தார் சுடுகிறதென்று, சிம்.

சிம் நாய்தான்.
போன் கடை வாசலில் படுக்கிற நாய்க்கு
வேறென்ன பேர் வைக்க?

அதன் நித்திரையைக் கிருபன் படம் பிடித்தான்.
ஒரு காது மடிந்து, வால் றோட்டுக்கு, மூக்குக் கடைக்கு.
கட்டம் கட்டமாக உடைத்துத் தாளில் அடித்துக்கொண்டு வந்தான்,
நீளம் நூற்று அறுபது, உயரம் நூற்றிருபது.
பசீனா கல்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னாள்,
"பத்தொன்பதாயிரத்து இருநூறு புள்ளடி."
"எலக்சன் கேட்டால் வெண்டிடும்," என்றாள் மெரில்டா.
சிம் கொட்டாவி விட்டது.

நாயைப் பங்கு பிரித்தவள் நான்.
நொத்தாரிசு கந்தோரில் உறுதி தட்டச்சு செய்கிற கை.
வடக்கே தலையும் இரு காதும் பசீனாவுக்கு,
நடுவில் வயிறும் நாலு காலும் மெரில்டாவுக்கு,
தெற்கே வால் எனக்கு,
நிழலும் படியும் கிருபனுக்கு,
வழி வாய்க்கால் உரித்து எல்லாருக்கும்.

ஒரு கிழமைக்கு ஒரு வீடு.
பசீனா வீட்டுக்குப் போன துணி
ஏலக்காய் மணத்தோடு திரும்பும்.
என்னிடமிருந்து கார்பன் தாள் கறை ஒன்று வந்தது,
இன்னும் வால் நுனியில் இருக்கிறது.
வந்ததும் யாரும் முன்பக்கம் கேட்பதில்லை.
"பின்னால காட்டு."
பசீனா அங்கேயும் முடிச்சில்லாமல் நூலை ஒளித்திருப்பாள்.
என்னுடையதைப் பார்த்து
"லைட் போஸ்ட் வயர் மாதிரி," என்பான் கிருபன்.
அன்றைக்கு அவனுடைய தேத்தண்ணிக்குச் சீனி குறையும்.

ஐப்பசி மழை. கரண்ட் போய் வந்த ஒரு ஞாயிறு,
சிப் பார்க்கிற கண்ணாடி விளக்கைத்
துணிக்கு மேல் வளைத்தவன்
கனநேரம் பேசாமல் இருந்தான்.
"வயிற்றில மேல்கால் எல்லாம்
மற்றப் பக்கம் சரியுது."

எங்கள் மூவரின் புள்ளடியிலும் மேல்கால்
வலப்பக்கம் சாயும், ஒரே காற்றில் நெல் போல.
மெரில்டாவினது இடப்பக்கம்.

அவள் ஊசியைப் பார்த்தபடி சொன்னாள்,
"நான் இடக்கை. இப்பதானே கண்டனீங்கள்?"

ஏழு மாதம்.
அவள் நீட்டின கோப்பைகளை வாங்கி,
அவள் கோத்துத் தந்த ஊசிகளை வாங்கி,
எந்தக் கை என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

"பிரிக்கச் சொன்னால் பிரிக்கிறன்."
எண்ணியும் வைத்திருந்தாள்,
ஐயாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.
கிருபன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தான்.
மேசையில் வைத்தான். திரும்ப எடுத்தான்.

வெளிச்சம் கண்ணில் அடிக்குதென்று
பசீனா விளக்கின் கழுத்தை அப்பால் திருப்பினாள்.
தலை மங்கியது, வயிறு மினுங்கியது.
இப்பால் திருப்பினாள்.
வயிறு மங்கியது.
"மூச்சு விடுது."
சொன்னது நானா பசீனாவா, ஞாபகமில்லை.
பிறகு ஆளாளுக்கு விளக்கைப் பிடுங்கினோம்,
அங்காலும் இங்காலும்,
மெரில்டாவும்தான், இடக்கையால்.

"பிழை பிழைதான்," என்றான் கிருபன்,
கத்தரிக்கோலை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டே.

இப்போது மிச்சம் கண் மட்டும்.
மூடின கண். ஒரு கறுப்புக் கோடு,
பதினொரு தையல், பத்து நிமிச வேலை.
யார் போடுவதென்று நாலு ஞாயிறாகச் சண்டை.
போன கிழமை சிம் எழும்பி
எங்களை ஒருக்கால் சுற்றி வந்து
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.