அரை மூச்சு

ரப்பர் சதுரங்கள் எட்டு.
மூன்றாவதைத் தொட்டால் டுப்.
ஏழாவது டிஷ்.
எட்டாவதில் குழந்தை அழும், அதை நான் தொடுவதில்லை,
கூட்டத்தில் இருக்கிற நிஜக் குழந்தைகளும் சேர்ந்துகொள்ளும்.

டுப் டுப் டிஷ்.
இவ்வளவுதான் என் பிழைப்பு.
பாட்டுக்கு வாசிக்கப் பாலாறு மெலடீஸில் ஆள் உண்டு.
ஜோக்குக்கு அடிக்க மட்டும்
தணிகாசலம் அண்ணன் என்னைக் கூப்பிடுவார்:
"தேவசகாயம், நேரம் தவறினா சிரிப்பு செத்துடும்டா."

நேரம் என்றால் அரை மூச்சு.
மிமிக்ரி இம்தியாஸ் பாய் கடைசிச் சொல்லை விட்டதும்
அவர் தொண்டைக்குழி ஒரு தடவை இறங்கும்.
அது ஏறுவதற்குள் அடிக்கணும்.
முந்தினால் ஜோக்கை மிதித்த மாதிரி.
பிந்தினால்
பந்தி முடிந்து வந்த அப்பளம்.

ஆம்பூருக்கு இந்தப் பக்கம்
ஷூ கம்பெனி ஆண்டு விழா. மே மாசம்.
சாமியானாவுக்குள் மின்விசிறி
வெயிலைக் கிளறிக்கொண்டிருந்தது.
எண்ணூறு பெண்கள். நகக்கண்ணில் பசை.
மடியில் காலி டிபன் பாக்ஸ்.
எவனோ பின்னால் டேக்சா மூடியைத் திறந்துவிட்டான்,
பிரியாணி வாசம் வந்த பிறகு
மாமியார் ஜோக்கை யார் கேட்பது?

பாய் சொன்னார். அடித்தேன்.
ரேஷன் கடை வரிசையில் நின்ற பேய். அடித்தேன்.
மூக்கடைத்த குரலில் ரயில் அறிவிப்பு,
காட்பாடி, காட்பாடி. அடித்தேன்.
சிரிக்கச் சொன்னதால் சிரித்தார்கள்.
மூன்றாவது வரிசையில் ஒருத்தி,
கழுத்தில் தையல் பிரிவு அட்டை,
சிரிக்கவே இல்லை.
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பீஸ் எண்ணுகிற கண்ணோடு.

பிறகு மேனேஜர்.
மைக்கை ஊதினார்.
உற்பத்தி, ஏற்றுமதி, இத்தாலிக்காரன் அனுப்பிய பாராட்டு.
போனஸ் பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றார்.
கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார்.
"ஏன்னா, நாமெல்லாம் ஒரே குடும்பம்."
தொண்டைக்குழி
ஒரு தடவை இறங்கியது.

சத்தியமா நான் நினைக்கலை.
விரலுக்குப் பதினாலு வருஷப் பழக்கம்.

டுப் டுப்
டிஷ்.

முதலில் அந்த மூன்றாவது வரிசைக்காரி.
அப்புறம் தையல், கட்டிங், பேக்கிங்,
வாட்ச்மேன்கூட.
ஒரு அம்மா நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள்.
பாய் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்,
இருபது வருஷத்தில் அவருக்கு விழாத சிரிப்பு.
வீடு போகிறவரை என்னோடு பேசவில்லை.

மேனேஜர் நிறுத்தவில்லை. பாவம்,
ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும்
திரும்பி என்னைப் பார்த்தார்.
நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
அடிக்காததற்கும் சிரித்தார்கள்.

ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள்.
பிரியாணியில் பிடித்தமில்லை,
பரிமாறியவள் கூட இரண்டு துண்டு போட்டாள்,
முகத்தைப் பார்க்காமல்.

ராத்திரி ரோட்டோரம் பேடைத் தோளில் மாட்டி நின்றிருந்தேன்.
பேரணாம்பட்டுப் பக்கம் போகிற கம்பெனி பஸ்
திருப்பத்தில் மெதுவானது.
உள்ளே யாரோ ஒருத்தி, மேனேஜர் குரலில்,
பாயைவிட நன்றாகவே:
"நாமெல்லாம் ஒரே குடும்பம்."

நாற்பது டிபன் பாக்ஸ்.
இரண்டு தட்டு அடியில்,
ஒன்று மூடியில்.

அரை மூச்சுகூடத் தவறவில்லை.