மூடி எண்பது, வாய் தொண்ணூறு

புறக்கோட்டையிலிருந்து பெட்டிகள் வந்திறங்கிய அன்று
ஹப்புத்தளையில் எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை.
மூடுபனிக்குள் நின்று லொறிக்காரன் கேட்டான்:
‘கோப்பையா? நான் செங்கல்லுன்னு நெனச்சேன்.’
கனத்ததைத்தான் கேட்டிருந்தேன்.

தோஹாவில் ஏழு வருடம் கோப்பி போட்டவன் நான்.
அங்கே மெல்லிய பீங்கான் போதும்,
ஊரே அடுப்பின் மேல் இருந்தது.
இங்கே முதல் மிடறுக்கும் இரண்டாவதற்கும் இடையில்
பள்ளத்திலிருந்து குளிர் ஏறி வந்து
கோப்பைக்குள் விரல் விட்டுப் பார்க்கிறது.
ஆகவே தடித்த சுவர், குறுகிய வாய்,
நூற்றெண்பது மில்லி.
வெந்நீரில் குளிப்பாட்டி
இயந்திரத்தின் தலைமேல் கவிழ்த்து வைத்தால்
எடுக்கும்போது
அப்போதுதான் இட்ட முட்டைபோல் இருக்கும்.

நிறத்துக்காக இரண்டு இரவு சண்டை.
கறுப்பு என்றாள் சுகிர்தா, கறை தெரியாதாம்.
தெரியட்டும் என்றுதான் வெள்ளை எடுத்தேன்.
கழுவுவதும் நான்தான்.

காதுதான் பிசகிவிட்டது.
படத்தில் அழகாக இருந்தது,
ஒரு நெத்தலி நுழையும் அளவுக்கு.

கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த நாளில்
சின்னக்கிளி வந்தாள், மேல்கணக்கு.
ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.
காதுக்குள் அது போகவில்லை.
ஒரு தடவை பார்த்தாள். பிறகு
இரண்டு உள்ளங்கையாலும் கோப்பையைப் பொத்திக்கொண்டு
ஆவியோடு சேர்த்துக் குடித்தாள்.
‘இதுக்கு எதுக்குக் காது?
நான் என்னத்த சொல்லப் போறேன் அதுகிட்ட.’

விலை கேட்கவில்லை. நூறு ரூபாயை மேசையில் வைத்தாள்.
சுவரில் அறுநூற்றைம்பது என்று எழுதியிருந்தது.
நான் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்று
மீதி இருபதைக் கொடுத்தேன்.

காகிதக் கோப்பை வேறு கணக்கு.
பதுளைக் கோச்சி இரண்டு நிமிடம்தான் நிற்கும்,
ஜன்னல்வரை ஓட வேண்டும், ஓடினால் மூடி வேண்டும்.
மூடி வந்தது: எண்பது.
கோப்பையின் வாய்: தொண்ணூறு.
ஐந்நூறு மூடிகள்.
‘அமுக்கினா உக்காந்துரும் தம்பி’ என்றார்
போனில் பாறூக் நானா.
அமுக்கினேன். உட்கார்ந்தது,
ஒரு வெள்ளைக்காரியின் மடியில்.

திருப்பி அனுப்பினால் லொறிக்கூலி மூடிவிலையைத் தாண்டும்.
சுகிர்தா அவற்றில் மண் நிரப்பி
லீக்ஸ் நாற்று போட்டிருக்கிறாள்.
உறிஞ்சும் துளை வழியே தண்ணீர் வடிகிறது.
நல்ல மூடிகள்தான், குறை சொல்ல முடியாது.

நேற்றிரவு புதுப் பட்டியல் எழுதினேன்:
இருபத்துநான்கு. காது இல்லாதது. அதே தடிப்பு.
எழுதிவிட்டு, ஏனென்று தெரியவில்லை,
என் விரலில் கைக்குட்டைக் கிழிசலைச் சுற்றி
பழைய கோப்பையின் காதுக்குள் விட்டேன்.
மாட்டிக்கொண்டது.
சவர்க்காரம் போட்டு உருவிக்கொண்டிருக்கையில்
சுகிர்தா உள்ளிருந்து கேட்டாள்:
‘அப்ப இந்த முப்பத்தாறையும் என்ன செய்ய?’

கையிலிருந்த ஒன்று போக
மற்றவை இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தன,
எல்லாக் காதும் என் பக்கம்.